ஒரே கியர், ரெண்டு மைல்: சிங்கிள் ஸ்பீட் சைக்கிள் வாங்குமுன் எண்ண வேண்டிய பற்கள்



இந்த வார எபிசோடில் மின்-சைக்கிள் பத்திப் பேசினோம். பேட்டரி, மோட்டார், விலை எல்லாம் அலசினோம். அதைக் கேட்டுட்டு லிவர்மோரில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்காங்க. கேள்வியை அப்படியே தர்றேன்:

"அண்ணா, எனக்கு மின்-சைக்கிள் வாங்கும் வசதி இப்போ இல்லை. மொத்த பட்ஜெட் 400 டாலர். வீடு லிவர்மோர், வேலை சாண்டா கிளாரா. டவுன்டவுன் ஏஸ் ஸ்டேஷனுக்கு வீட்டிலிருந்து ரெண்டு மைல் கிழக்கே போகணும். அந்தப் பக்கம் இறங்கி ஆபீசுக்கு இன்னும் ஒன்றரை மைல். இப்போ அம்மாதான் தினமும் காலையில கொண்டு விடுறாங்க, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறாங்க. மூணாவது கார் வாங்கலாமான்னு வீட்டில் பேச்சு ஓடுது. நான் சைக்கிள் போதும்ங்கிறேன். ஒரே விலைக்கு 21 கியர் வண்டியும் கிடைக்குது, சிங்கிள் ஸ்பீடும் கிடைக்குது. சிங்கிள் ஸ்பீடைக் காட்டினதும் அப்பா, 'ஊர்லதான் கியர் இல்லாம மிதிச்சோம், அமெரிக்கா வந்தும் அதேவா?'ன்னு கேட்கிறார். எதை எடுக்க?"

சின்னக் கேள்வி மாதிரி தெரியுது. ஆனா இதுக்குள்ள அம்மாவோட தினசரி ரெண்டு ட்ரிப், ஒரு காரோட விலை, இன்ஷூரன்ஸ், அப்பாவோட கௌரவம் எல்லாம் அடங்கியிருக்கு. அதனால இந்த வாரப் பாடத்தை இதுக்கே ஒதுக்கிட்டேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: தங்கை, சிங்கிள் ஸ்பீட் எடுங்க. ஆனா கடையில "எத்தனை கியர்?"னு கேட்கிறதை விட்டுட்டு, "முன்னால எத்தனை பல், பின்னால எத்தனை பல்?"னு கேளுங்க. அந்த ரெண்டு எண்தான் உங்க முழங்காலையும், நீங்க இந்த வண்டியை ஆறு மாசம் கழிச்சும் ஓட்டுவீங்களாங்கிறதையும் தீர்மானிக்கும்.

400 டாலர் எங்கே போகுது?

விலை குறைந்த 21 கியர் வண்டியில் முன்பக்கம் 3 பல்சக்கரம், பின்பக்கம் 7. அவற்றுக்கு நடுவே செயினைத் தள்ளிவிட முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கருவி, கைப்பிடியில் ரெண்டு ஷிஃப்டர், அவற்றை இணைக்க ரெண்டு கேபிள். இவ்வளவும் 400 டாலருக்குள் அடங்கணும்னா கம்பெனி எங்கேயாவது மிச்சம் பிடிச்சாகணும். சக்கரம், பிரேக், பேரிங் இவற்றில்தான் அந்த மிச்சம் பிடிக்கப்படும். கொஞ்ச நாளில் கேபிள் நீளும், கியர் குதிக்கும், செயின் கடகடன்னு சத்தம் போடும். சரிபண்ணக் கடைக்குப் போனா அதுக்கும் கூலி.

சிங்கிள் ஸ்பீடில் அந்தக் கருவிகள் எதுவும் கிடையாது. அதே காசு நல்ல சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போகலாம். எடையும் குறையும். ஏஸ் ரயிலில் சைக்கிளை ஏத்திக்கிட்டுப் போகலாம், அதுக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. ஆனா படியில் தூக்கி ஏத்தப் போறது நீங்கதான். தினமும் ரெண்டு தடவை தூக்கும்போது ரெண்டு கிலோ வித்தியாசம் கூட கைக்குத் தெரியும்.

சரி, கியர் இல்லாம எப்படிச் சமாளிக்கிறது? டவுன்டவுனைச் சுத்தி லிவர்மோர் பெரும்பாலும் சமதளம். சாண்டா கிளாராவில் கிரேட் அமெரிக்கா ஸ்டேஷனைச் சுத்தியும் அப்படித்தான். சமதளத்தில் 21 கியர் வண்டி ஓட்டுறவங்க உண்மையில் பயன்படுத்துறது ரெண்டு, மூணு கியர்தான். நம்ம வேலை, அதில் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது.

பல் கணக்கு

பெடலோட சேர்ந்த பெரிய சக்கரத்தில் 46 பல், பின்சக்கரத்தில் 16 பல்னு வைச்சுக்குவோம். 46-ஐ 16-ஆல் வகுத்தா 2.875. அதாவது பெடலை ஒரு முழுச் சுத்து மிதிச்சா பின்சக்கரம் 2.875 சுத்து சுத்தும். 700 அளவு சக்கரத்தில் 32 மில்லிமீட்டர் டயர் போட்டா, ஒரு சுத்துக்கு வண்டி சுமார் 2.15 மீட்டர் நகரும். ரெண்டையும் பெருக்கினா 6.18 மீட்டர். ஒரு மிதிச் சுத்துக்கு வண்டி போகும் தூரம் இது.

இதே கணக்கை நாலு ஜோடிக்குப் போட்டுப் பார்க்கலாம்:

• 46க்கு 16: ஒரு சுத்துக்கு 6.18 மீட்டர்
• 44க்கு 16: 5.91 மீட்டர்
• 46க்கு 18: 5.49 மீட்டர்
• 44க்கு 18: 5.26 மீட்டர்

சாதாரணமா வேலைக்குப் போறவங்க நிமிஷத்துக்கு 60 முதல் 80 சுத்து மிதிப்பாங்க. 70 சுத்துன்னு எடுத்துக்கிட்டா, 46க்கு 16 வண்டி மணிக்கு 26 கிமீ வேகத்தில் போகும். 44க்கு 18 வண்டி 22 கிமீ. ரெண்டு மைல்னா 3.2 கிமீ. முதல் வண்டிக்கு ஏழரை நிமிஷம், ரெண்டாவதுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம். ஆக, பெரிய கியரால் கிடைக்கும் லாபம் ஒன்றரை நிமிஷம்கூட இல்லை.

அதுக்கு நீங்க கொடுக்கும் விலை என்ன? ஒவ்வொரு ஸ்டாப் சைனிலும் நின்னு கிளம்பும்போது முழு எடையையும் அந்தப் பெரிய கியரில்தான் நகர்த்தணும். கலிபோர்னியாவில் சைக்கிளுக்கும் ஸ்டாப் சைன் ஸ்டாப் சைன்தான், நின்னுதான் போகணும். குடியிருப்புத் தெருக்களில் எத்தனை ஸ்டாப் சைன் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். 46க்கு 16-லிருந்து 44க்கு 18-க்கு மாறினா, பெடலில் கொடுக்க வேண்டிய விசை சுமார் 15 சதவீதம் குறையுது. ஒரு தடவைக்கு அது சின்ன விஷயம். வருஷம் பூரா மிதிக்கும் முழங்காலுக்குப் பெரிய விஷயம்.

லிவர்மோரின் மலை, காற்று

லிவர்மோர்காரங்களுக்கு இது தனியா. ஊர் சமதளம்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏற்றம் இருக்கு.

ஊருக்குக் கிழக்கே ஆல்டமான்ட் கணவாயில் வரிசை வரிசையா காற்றாலைகள் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. 1980களின் தொடக்கத்திலிருந்தே அங்கே காற்றாலைகள் உண்டு. காரணமில்லாம யாரும் அங்கே கொண்டுபோய் நடலை. கோடையில் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு கொதிக்கும், அங்கே சூடான காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்துக் குளிர்காற்று மேற்கிலிருந்து மலை இடைவெளிகள் வழியா உள்ளே பாயும். லிவர்மோர் பள்ளத்தாக்கு அந்தப் பாதையில் இருக்கு. பிற்பகலிலும் சாயங்காலத்திலும்தான் இதுக்கு வேகம் அதிகம்.

தங்கையோட வீடு ஸ்டேஷனுக்கு மேற்கே. அதாவது காலையில அமைதியான காற்றில் போவாங்க, சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கிக் களைப்போட எதிர்காற்றில் வீடு திரும்புவாங்க. கணக்கு இப்படி: காற்றே இல்லாதபோது 20 கிமீ வேகத்தில் போனா முகத்தில் மோதும் காற்றும் 20 கிமீ. எதிரே 20 கிமீ காற்று வீசினா மோதுறது 40 கிமீ. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும். எனவே வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்கு. அதே 20 கிமீ வேகத்தில் போகணும்னா காற்றுக்காகச் செலவழிக்கும் சக்தியும் நாலு மடங்கு வேணும். யாராலும் தினமும் அப்படி மிதிக்க முடியாது. தானாகவே வேகம் 13 கிமீ அளவுக்கு இறங்கிடும்னு வைச்சுக்கலாம்.

அந்த 13 கிமீ வேகத்தில் 46க்கு 16 வண்டியில் உங்க கால் நிமிஷத்துக்கு 35 சுத்துதான் சுத்தும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுற மாதிரி இருக்கும். 44க்கு 18-ல் 41 சுத்து. அதுவும் சொகுசு இல்லை, ஆனா உட்கார்ந்தபடியே சமாளிக்கலாம். வீடு போய்ச் சேர 15 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

பாடம் இதுதான்: சிங்கிள் ஸ்பீடில் கியரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்க பாதையின் மிக மோசமான கால் மணி நேரத்துக்காகத் தேர்ந்தெடுங்க. நல்ல நேரத்தில் எந்தக் கியரும் ஓடும்.

கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பல வண்டிகள் 46க்கு 16 அல்லது 44க்கு 16 என்றே வரும். அதுக்காக வண்டியை வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை. பின்னால இருக்கும் 16 பல் ஃப்ரீவீலைக் கழற்றிட்டு 18 பல் போட்டுக்கலாம். பொருளின் விலை குறைவு, கடைக்காரருக்குச் சில நிமிஷ வேலை. பின்சக்கரத்தை ஆறு மில்லிமீட்டர் போல முன்னால நகர்த்தினா பெரும்பாலும் பழைய செயினே போதும். வாங்கும்போதே இதைக் கேட்டு முடிச்சிடுங்க.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பிரேக். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டும் இருக்கணும். பின்பிரேக் மட்டும் இருக்கும் வண்டி அழகா இருக்கும், ஆனா அவசரத்துக்கு நிக்காது. சைக்கிளை நிறுத்துறதில் முன்பிரேக்கோட பங்குதான் பெரிசு. உலர்ந்த, சமமான, சுத்தமான ரோட்டில் பிரேக் பிடிச்சா சக்கரம் சறுக்கி நிக்கணும்னு கலிபோர்னியா சட்டமே சொல்லுது. இன்னொண்ணு: அமெரிக்காவில் வழக்கமா இடது கைதான் முன்பிரேக். இந்தியாவில் பெரும்பாலும் வலது கை. அப்பா ஆசைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்னு சொன்னா, முதல்ல இதைச் சொல்லிட்டுக் கொடுங்க.

அடுத்து ஃப்ரீவீல். பல சிங்கிள் ஸ்பீடு வண்டிகளில் ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் இருக்கும். பின்சக்கரத்தின் ஒரு பக்கம் ஃப்ரீவீல், அதாவது மிதிக்கிறதை நிறுத்தினாலும் வண்டி உருளும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டா மறுபக்கம் ஃபிக்ஸட், அதாவது சக்கரம் சுத்தும்வரை பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும். வேலைக்குப் போக ஃப்ரீவீல் பக்கமே போதும். ரெட்ரோஸ்பெக் ஹார்ப்பர், ஸ்டேட் பைசிக்கிளின் கோர்-லைன் எல்லாம் இந்த வகை. பெயரைவிட உங்க உயரத்துக்கான ஃபிரேம் அளவும் பல் எண்ணிக்கையும்தான் முக்கியம்.

அளவு: வண்டிக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு நின்னா மேல்கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே ரெண்டு, மூணு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கணும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைச்சா கால் நேரா நீளணும். அதுதான் சரியான சீட் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசா மடங்கும்.

டயர்: 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம், பஞ்சர் பாதுகாப்பு உள்ளதா பாருங்க. இங்கே ஒரு பழைய நண்பர் காத்திருக்கார். லிவர்மோர் மாதிரி வறண்ட பகுதிகளில் ரோட்டோரம் படர்ந்து, சைக்கிள் டயரைக் கிழிக்கும் "ஆட்டுத்தலை" முள் வேற எதுவும் இல்லை, நம்ம ஊர் நெருஞ்சிதான். செடி ஒண்ணுதான், முள்ளும் ஒண்ணுதான். பாட்டி வெறுங்காலில் பட்ட அவஸ்தையை உங்க டயர் படும்.

கேரியர், மட்கார்டு மாட்ட ஃபிரேமில் திருகு ஓட்டை இருக்கான்னு பாருங்க. லேப்டாப்பை முதுகில் சுமந்தா கோடையில் சட்டை நனைஞ்சிடும். மழைக்காலத்தில் மட்கார்டு இல்லைன்னா முதுகில் சேற்றுக் கோடு விழும்.

ஆன்லைனில் வாங்கினா பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். இடது பெடலுக்குத் திருகு எதிர்த்திசையில் இருக்கும், பலவந்தமா திருகினா புரி போயிடும். முன்ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கணும், பின்னோக்கிப் பூட்டிட்டு ஓட்டுறவங்க உண்டு. சந்தேகம்னா ஒரு கடையில் காசு கொடுத்துச் சரிபார்த்துடுங்க.

பழைய வண்டி வாங்கினா அடியில், பெடல் அச்சுக்குக் கீழே பொறிச்சிருக்கும் சீரியல் நம்பரை பைக் இண்டெக்ஸ் தளத்தில் தேடிப் பாருங்க. திருட்டு வண்டியா பதிவாகியிருந்தா தெரியும். நம்பரைச் சுரண்டியிருந்தா திரும்பிப் பார்க்காம நடங்க.

400 டாலரை நான் இப்படிப் பிரிப்பேன்: வண்டிக்கு 250 வரை, நல்ல யூ-பூட்டுக்கு 50, ஹெல்மெட்டுக்கு 40, முன்பின் விளக்குக்கு 30. மிச்சம் பம்ப், உபரி ட்யூப், சக்கர நட்டுக்கான 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். வண்டிக்கே 400-ம் போட்டுட்டுப் பத்து டாலர் பூட்டு வாங்கினா, அந்த வண்டி உங்களுடையதா நீடிக்காது.

அம்மாவுக்கான பகுதி

அம்மா பயப்படுறது நியாயம்தான். சைக்கிள்காரரைக் கார் முந்தும்போது குறைந்தது மூணு அடி இடைவெளி விடணும்ங்கிற சட்டம் கலிபோர்னியாவில் 2014 செப்டம்பரிலிருந்து இருக்கு. 2023-லிருந்து, அடுத்த லேன் காலியா இருந்தா கார் அந்த லேனுக்கு மாறித்தான் முந்தணும். இருட்டில் ஓட்ட முன்னால 300 அடியிலிருந்து தெரியும் வெள்ளை விளக்கும், பின்னால 500 அடியிலிருந்து தெரியும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம். பின்னால சிவப்பு விளக்கும் போட்டுக்குங்க, விடியக்காலை ரயிலுக்கு அது வேணும். ஹெல்மெட் சட்டப்படி 18 வயசுக்குக் கீழேதான் கட்டாயம், ஆனா மண்டைக்கு வயசு வித்தியாசம் கிடையாது.

எங்க பாட்காஸ்ட்டுக்கே எதிரான ஒரு சட்டமும் உண்டு: ரெண்டு காதிலும் இயர்பட் போட்டுக்கிட்டுச் சைக்கிள் ஓட்டக்கூடாது. எங்களை ஒரு காதில் கேளுங்க, ரோட்டை இன்னொரு காதில் கேளுங்க. ரெண்டில் ஒண்ணைத்தான் கேட்க முடியும்னா ரோட்டைக் கேளுங்க.

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவோட காரில் அதே பாதையில் மெதுவா போய்ப் பாருங்க. எந்தத் தெருவில் சைக்கிள் லேன் இருக்கு, எந்தச் சந்திப்பு சிக்கல்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. அது அரை மைல் சுத்துவழியா இருந்தாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கான பகுதி

"அமெரிக்கா வந்தும் அதேவா?"ங்கிற கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு, அதை மதிக்கணும். அப்பா தலைமுறைக்குச் சைக்கிள்னா அதுவே பெரிய தொழில்நுட்பம். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட சேர்ந்து 1949-ல் தொடங்கின டிஐ சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளைச் செய்தது. ஒரே கியர், இரும்பு ஃபிரேம், பின்னால கேரியர். கேரியரில் அரிசி மூட்டை, மேல்கம்பியில் பிள்ளை. கால் எட்டாத வயசில் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டாங்க. அப்பாவிடம் கேளுங்க, எந்த வாடகைக் கடையில், மணிக்கு எவ்வளவுன்னு சொல்வார்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்தோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினாங்க. லேடீஸ் சைக்கிள் போதாம ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தவங்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தன் புத்தகத்தில் விரிவா எழுதியிருக்கார். பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருந்தவங்க, தாங்களே கிளம்பிப் போனாங்க. தண்ணி எடுக்க, வயலுக்கு, சந்தைக்கு. கியர் இல்லாத வண்டிதான் அது.

கியர் எண்ணிக்கை முன்னேற்றத்தின் அளவுகோல்னா, அந்த வண்டி பின்தங்கியது. யாரையும் எதிர்பார்க்காம ஒரு பெண் தன் வேலைக்குப் போய்வர முடிஞ்சதுதான் அளவுகோல்னா, அதுக்கு மேல ஒரு தொழில்நுட்பம் அன்னைக்கு அந்த ஊரில் இல்லை. அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க.

எப்போ சிங்கிள் ஸ்பீட் வேண்டாம்?

வீடு மலைச்சரிவில் இருந்தா, ஒரு வழிக்கே ஐந்து மைலுக்கு மேல போகணும்னா, முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தா, பின்னால குழந்தையை வைச்சு ஓட்டணும்னா கியர் வண்டியே நல்லது. சான் பிரான்சிஸ்கோவில் வீடு எடுத்தா இந்தக் கடிதத்தை மறந்துடுங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கும் ஒரு சைக்கிளைத் திருப்பி நிறுத்துங்க. முன்பல், பின்பல் எண்ணுங்க. வகுத்து, டயர் சுற்றளவால் பெருக்குங்க. ஊரில் தாத்தாவோட பழைய வண்டி இன்னும் திண்ணையில் சாத்தியிருந்தா, வீடியோ கால் போட்டு அவரையே எண்ணச் சொல்லுங்க. ரெண்டு எண்ணையும் இந்த மெயிலுக்குப் பதிலா அனுப்புங்க, ஊர் பெயரும் சேர்த்து. அடுத்த வாரம் எல்லாத்தையும் ஒரே அட்டவணையில் போட்டு, எந்த ஊர்க் கால் எந்தக் கியரில் மிதிச்சதுன்னு பார்க்கலாம்.